வாலறுந்த வாக்கியம்

“எனக்கு ஒம்மேல கோவம்…”

அதோடு போயிற்று. அக்காவின் வாக்கியத்துக்கு வால் இல்லை.

தங்கை போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றாள். ஜன்னலுக்கு வெளியே வட நார்வேயின் நடுப்பகல் நீலமாகக் கிடந்தது. சத்தமே இல்லாமல் பனி விழுந்துகொண்டிருந்தது.

கோவம் இல்லையா? கோவம் தீரவில்லையா?

பாழாய்ப்போன லைன்! ஒரு வாரமாக இதே கூத்து. பேசுகிறவர் மூச்சு விடும் இடம் பார்த்துக் கடைசிச் சொல்லைத் தின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் அறுந்தும் போகும். மறுபடி போட்டால் போகாது.

பதினோரு வருஷம்.

ஆவுடையக்காவின் கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது இவள் யாரிடமும் சொல்லாமல் ஒருவனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். மாப்பிள்ளை வீட்டார் நிச்சயத்தை முறித்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து இவள் குரலைக் கேட்டாலே அக்கா போனை வைத்துவிடுவாள்.

இன்றைக்கு வைக்கவில்லை.

பாளையங்கோட்டையில் அக்கா சொந்தமாக வீடு கட்டியிருக்கிறாள். தை மாதம் பால்காய்ச்சு. கேள்விப்பட்டுத்தான் இவள் கூப்பிட்டாள். ‘நீ வந்துராத’ என்று அக்கா சொல்லிவிட்டால்? அந்தப் பயத்தில் இவளே முந்திக்கொண்டாள்.

“பால்காய்ச்சுக்கு நான் வர முடியாதுக்கா.”

அதற்குத்தான் அக்கா அப்படிச் சொன்னாள். பாதி சொன்னாள்.

போன் கம்பெனியைக் கூப்பிட்டாள்; புகார்ப் பிரிவில் ஒரு பெண் எடுத்தாள். கடைசி ஒரு சொல்தானே, அதில் என்ன பெரிதாகப் போய்விடும் என்று அவள் பாஷையில் தன்மையாகக் கேட்டாள்.

அவர்கள் வாக்கியத்தில் ‘இல்லை’ முன்னாடியே வந்துவிடும். நமக்கு எல்லாமே கடைசியில்தான். இதை எப்படிப் புகாராக எழுதிக்கொள்ளச் சொல்வது?

இரண்டு பக்கமும் அப்படித்தானா என்றாள் அந்தப் பெண்.

இவளுக்குத் தெரியவில்லை. தன் பேச்சு அங்கே எப்படிப் போய்ச் சேர்கிறது என்று இவள் யோசித்ததே இல்லை.

சரிசெய்ய நான்கு நாளாகும் என்றார்கள்.

நான்கு நாளும் தண்ணீருக்குள் நடப்பது மாதிரி நடந்தாள். வேலை முடிந்து வரும் வழியில் துறைமுகத்தில் நின்றாள். லைன் போகும் இந்தக் கடலுக்கு அடியில்தான் எங்கேயோ கிடக்கும், விழுந்த சொற்கள் அத்தனையும். உண்டு, மாட்டேன், வேண்டும், இல்லை. மீன்கள் வந்து மோந்து பார்த்துவிட்டுப் போகும். குனிந்து துழாவினால் அக்காவுடையது கையில் தட்டுப்படும் போலிருந்தது.

தூக்கத்தில் அது உள்ளங்கையில் கிடந்தது. ‘இல்ல.’ இத்தனூண்டு சொல்.

விழித்துப் பார்த்தால் கை காலி.

ஐந்தாம் நாள் குறுஞ்செய்தி வந்தது. பழுது நீக்கப்பட்டது.

மூன்றாவது மணியில் அக்கா எடுத்தாள். அங்கே தேங்காய் துருவும் சத்தம்கூடக் கேட்டது. அன்னைக்கி என்ன சொன்ன என்று கேட்க இவளுக்கு வாய் எழவில்லை.

“ஏட்டி, வாரேன்னு சொன்ன, என்னைக்கின்னு சொல்லாம வச்சிட்ட? மேல் ரூமுக்கு ஒனக்குப் பிடிச்ச கிளிப்பச்சை அடிச்சிருக்கேன். என்னைக்கி வார?”

வாரேன் என்றா இவள் சொன்னாள்?

அட அக்கா! லைன் தின்றது போக மிஞ்சிய ‘வர’வை வைத்துக்கொண்டு, மீதியைத் தானே முடித்து, சுவருக்குப் பெயிண்டும் அடித்துவிட்டாள். பதினோரு வருஷக் கோவக்காரி!



“பால்காய்ச்சுக்கு நான் வர…” என்றாள்.

அதற்கு மேல் அழுகைதான் வந்தது.

தேங்காய் துருவும் சத்தம் நின்றது. ஒரு குறையும் இல்லாத லைனில் அக்கா காத்திருந்தாள்.