ராசா தலையில்லாத சதம்

"இந்தச் சதத்தில ராசாட தலையே இல்ல! இதையும் வாங்கிப் பெட்டிக்குள்ள போட்டிருக்கீங்களே, உங்கட முகத்தில இருக்கிறது கண்ணா, புண்ணா?"

றம்லாவின் சத்தம் காத்தான்குடித் தெருமுனை வரை கேட்டது. ஊரில் எவனும் வாங்காத காசெல்லாம் அவள் புருசன் முகைதீன்பாவாவின் கடைக்குத்தான் வந்து சேர்ந்தது. ஒன்றில் எழுத்து இரட்டையாக விழுந்திருக்கும், இன்னொன்று ஒரு பக்கம் மொழுமொழுவென்று இருக்கும். எல்லாமே பிழையாக அச்சடித்தவை.

"கண் மங்கலாக் கிடக்கு புள்ள," என்றார் அவர், வழக்கம்போல.

பொறுமையிழந்த றம்லா சீட்டுக்காசை எடுத்து, டவுனிலிருந்து மூக்குக்கண்ணாடி வரவழைத்து, அவர் மூக்கில் தானே மாட்டிவிட்டாள். அதோடு பிழைக்காசு வருவது நின்றது. அவளுக்கு அப்பாடா என்றிருந்தது.

மாதக் கடைசியில் டவுனிலிருந்து பிரடெரிக் துரை கடைக்கு வந்தார்.

"என்ன பாவா, இந்த முறை ஒண்டுமே இல்லையா? தலையில்லாத சதத்துக்குப் பத்து ரூபா தந்தேனே! அப்படிப் பிழையா அச்சடிச்ச காசுதானே நான் தேடிச் சேர்க்கிறது?"

திரைக்குப் பின்னால் நின்ற றம்லா திகைத்துப்போனாள். துரை போனதும் பாவா உள்ளே வந்து கண்ணாடியைக் கழற்றினார்.

"எனக்குக் கண் தெரியாதெண்டு நம்பித்தானே புள்ள, சனம் அந்தக் காச என்ட தலையில கட்டினது? நம்மட கூரைக்கு ஓடு எதில போட்டதெண்டு நினைச்ச?"

"இத எனக்கு ஏன் சொல்லல்ல?"

"உன்னட்டச் சொன்னா ஊருக்கே கேக்குமே!"

றம்லா அவரை முறைத்தாள். பிறகு கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு வேலியோரம் போய், தெருவே அதிரக் கத்தினாள்:

"கேட்டீங்களாகா! கண்ணாடி போட்டும் இந்த மனிசனுக்கு ஒரு மண்ணும் தெரியுதில்ல!"