நெளியாத கோடு

மதிய வெயில் திரைச்சீலை இடுக்கில் நுழைந்து கணினித் திரையைப் பாதி வெளுக்கிறது. நாளை வெளியாகப்போகும் தம்பியின் பாட்டுக்கு அக்கா மாஸ்டரிங் என்னும் கடைசி ஒலிச் சீரமைப்பைச் செய்துகொண்டிருக்கிறாள். இசையும் குரலும் தன்னுடையதே என்று சொல்லியிருக்கிறான். இதுபோல ஒலிக்க வேண்டும் என்று அவன் கொடுத்த, பிரபல பாடகி ஒருத்தியின் பாட்டோடு மென்பொருள் அதை ஒப்பிடுகிறது. இரண்டும் வேறு வேறு பாட்டென்றால், வித்தியாசம் காட்டும் கோடு மேடும் பள்ளமுமாக நெளிய வேண்டும். செத்த பாம்பாய் நீட்டிக் கிடக்கிறது. “மாத்த ஒண்ணுமே இல்லைங்குதுடா.” “நம்ம கை அப்படிக்கா,” என்கிறான், கண் கதவுப் பக்கம் போகிறது. அவள் தம்பி பாட்டின் கடைசி நொடிகளுக்குப் போய்ச் சத்தத்தைக் கூட்டுகிறாள். வாத்தியங்கள் அடங்கியதும் அடியில் அந்தப் பாடகியின் சிரிப்பு மெல்லக் கேட்கிறது. ஹெட்போனைக் கழற்றி அவன் காதில் மாட்டுகிறாள். “நீ பாடின பாட்டுக்குள்ள உக்காந்து யாருடா சிரிக்கிறா?”