சமவெளிச் சீமாட்டி

போகோட் நாட்டு மேய்ப்பர்கள் மாடுகளை ஒரே பட்டியில் வைப்பதில்லை. வறட்சி வந்தால் சிலவாவது மிஞ்சட்டும் என்று சிநேகிதர்கள் வீடுகளில் பிரித்து விடுவார்கள். அப்படித்தான் லோமுரியாவின் பசு செவலை, சமவெளியிலிருந்து மலைமேல் சோளம் விதைக்கும் கப்பேல் வீட்டுக்கு வந்தது.

வந்ததிலிருந்து முகத்தைச் சுளித்தபடியேதான் இருந்தது.

"மண்ணைக் கிண்டிச் சாப்பிடுவதும் ஒரு பிழைப்பா?" என்று சுவரில் சாத்தியிருந்த மண்வெட்டியிடம் கேட்டது. "நிலம் இருப்பது மேய்ந்து நடப்பதற்கு. எங்கள் லோமுரியா ஐயா ஒரு நாளும் அதைக் குனிந்து சுரண்டியதில்லை."

"சோளத்தட்டை நன்றாக இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டது மண்வெட்டி.

பசு வாய் நிறையத் தட்டையை மென்றுகொண்டிருந்தது.

அந்த வருஷம் சமவெளியில் புல்லே முளைக்கவில்லை. எலும்பும் தோலுமாக ஒருவர் காலிச் சாக்கோடு மலையேறி வந்து, கப்பேல் வீட்டு வாசலில் உட்கார்ந்து சோளக்கூழை வழித்து வழித்துச் சாப்பிட்டார்.

"யாரது?" என்றது மண்வெட்டி.

பசு ஓரக்கண்ணால் பார்த்தது. "யாரோ வழிப்போக்கன். இங்கேதான் கண்டவனுக்கெல்லாம் கூழ் ஊற்றுகிறீர்களே."

லோமுரியா வாயைத் துடைத்துக்கொண்டு, "செவலை" என்று கூப்பிட்டார்.

பசு திரும்பவில்லை. அதன் காதுகள் இரண்டும் திரும்பின.