கன்னக்குழி நாயகனின் பரம ரசிகர்

கன்னக்குழி நாயகனின் காதல் படம் ஒன்றைக்கூட விட்டதில்லை, தியேட்டர் கேண்டீன்காரர். நாற்பது தாண்டியும் தனிக்கட்டையாக இருப்பதற்கு அந்தப் படங்கள்தான் காரணம் என்பார்.

"கன்னத்துல குழி விழற அவனுக்கே காதல் கைகூடல. தொப்பை விழுந்த எனக்கா கூடப்போகுது?"

டிக்கெட் கிழிக்கும் பெண் டீ கிளாஸைக் கீழே வைத்தாள். "எந்தப் படத்துல கூடல?"

"எல்லாத்துலயும்தான்! ஒருத்தி ரயிலேறிப் போயிடறா. ஒருத்தி பளார்னு அறைஞ்சிட்டுப் போறா. இந்தப் படத்துல மோதிரத்தைக் கழட்டி மூஞ்சியிலயே எறியறா. இதெல்லாம் பார்த்துட்டுத்தான் நான் வாயே திறக்கல."

"யார்கிட்ட?"

அவர் துடைத்த கிளாஸையே மறுபடியும் துடைத்தார்.

"சரி, அதுக்கப்புறம் என்ன ஆகுதுன்னு பார்த்ததே இல்லையா?"

"எங்க பார்க்கறது? அந்த இடத்துலதான் இடைவேளை விட்டுடறாங்களே! ஓடி வந்து பாப்கார்ன் விக்கணும். அப்புறம் பாத்திரம் கழுவணும்."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "கடைசி சீன்ல கதவைத் திறந்துவிடறவ நான். ஒரு படம் விடாம சேர்ந்துடறாங்க. அந்த நம்பிக்கையிலதான் இத்தனை வருஷமா உங்க கழனித்தண்ணி டீயைக் குடிச்சிட்டிருக்கேன்!"