பயப்படாத சாட்சி

“பயந்தேன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க மாஸ்டர். மத்ததை நான் பாத்துக்கறேன்” என்றார் அரசு வழக்கறிஞர், நீதிமன்ற வராந்தாவில்.

மாஸ்டர் தற்காப்புக் கலை சொல்லித்தருகிறவர். ‘ஏழே நாளில் பயத்தை விரட்டுங்கள்’ என்ற விளம்பரத்தோடு, பேருந்துகளின் முதுகிலெல்லாம் முஷ்டியை மடக்கிக்கொண்டு நிற்பவர். அப்படிப்பட்டவரைத்தான் பட்டப்பகலில், ஜெராக்ஸ் கடையை ஒட்டிய சந்தில் மடக்கி, நோஞ்சான் ஒருவன் கத்தியைக் காட்டிச் சங்கிலியோடு கம்பி நீட்டியிருந்தான்.

வழக்கறிஞர் பொறுமையாக விளக்கினார். சம்மதம் இல்லாமல் எடுத்தால் அது வெறும் திருட்டு. அடித்தோ, அந்த இடத்திலேயே அடி விழும் என்ற பயத்தைக் கிளப்பியோ எடுத்தால்தான் வழிப்பறி. ஆளும் கத்தியும் சங்கிலியும் சிக்கிவிட்டன. பயம் மட்டும்தான் பாக்கி. அது மாஸ்டரின் வாயிலிருந்து வந்தாக வேண்டும்.

உண்மையில் அன்று அவர் பயந்தது கொஞ்சநஞ்சமல்ல. கத்தியைப் பார்த்ததுமே சந்திலேயே உட்கார்ந்துவிட்டார். ‘எடுத்துக்கங்கண்ணே’ என்று, தன்னைவிட இருபது வயது இளையவனை அண்ணனாக்கியதும் மறக்கவில்லை. சரி, சொல்லித் தொலைத்துவிடலாம் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டுதான் உள்ளே போனார்.

போனால், மூன்று பெஞ்சு நிறைய அவருடைய மாணவர்கள், சீருடையோடு. ஆளாளுக்கு போன் போட்டு அவர்களை வரவழைத்தது எதிர்த்தரப்பு வக்கீல்தான் என்பது மாஸ்டருக்குத் தெரியாது.

அந்த வக்கீல் எழுந்து, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

“இந்தப் பையனைப் பாத்து நீங்க பயந்தீங்களா மாஸ்டர்?”

அரசு வழக்கறிஞர் கண்ணாலேயே கெஞ்சினார். மாஸ்டர் பெஞ்சுகளைப் பார்த்தார். மார்பு தானாக நிமிர்ந்தது.

“பயமா? எனக்கா?”

கைதட்டல் எழுந்தது. டவாலிச் சேவகர் அதட்டி அடக்கினார்.

“அப்புறம் ஏன் சங்கிலியைக் குடுத்தீங்க?”

“பாவமா இருந்துச்சு. ஒரு தட்டு தட்டினா ஒடிஞ்சுபோற உடம்பு. வச்சுக்கப்பான்னு குடுத்தேன்.”

“உங்க சம்மதத்தோடதானே?”

“முழு மனசோட.”

அரசு வழக்கறிஞர் கோப்பை மூடிவிட்டு ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்க்கத் தொடங்கினார்.

நீதிபதி மளமளவென்று எழுதினார். பயம் இல்லாததால் வழிப்பறி இல்லை. சம்மதம் இருப்பதால் திருட்டும் இல்லை. நோஞ்சான் விடுதலை. மாஸ்டர் பெருந்தன்மையோடு தலையசைத்தார். போனால் போகிறான்; சங்கிலி போலீஸிடம் பத்திரமாகத்தானே இருக்கிறது, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டால் ஆயிற்று.

ஆனால் நீதிபதி இன்னும் பேனாவைக் கீழே வைக்கவில்லை.

“சாட்சி முழு மனசோட குடுத்ததா சொல்லிட்டார். அதனால சங்கிலி அந்தப் பையனுக்குத்தான் சொந்தம். அவன்கிட்டயே ஒப்படைச்சிடுங்க.”

மாஸ்டர் கூண்டுக் கம்பியை எட்டிப் பிடித்தார். பயந்ததாகவே மாற்றி எழுதிக்கொள்ளுங்கள், இப்போதுகூடப் பயமாகத்தான் இருக்கிறது என்று குழறினார்.

நீதிபதி நோஞ்சானை ஏற இறங்கப் பார்த்தார். “இவனைப் பாத்தா?”

மாஸ்டர் இல்லையென்று தலையாட்டினார். அவர் கண் கடைசி பெஞ்சில் நிலைகுத்தி நின்றது. சங்கிலி அவருடைய அக்காவுடையது; அறுந்த கொக்கியைப் பற்றவைத்து வரச்சொல்லித் தம்பியிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். அதை வாங்கிப்போக வந்திருந்தவள், வளையல்களை முழங்கைக்கு ஏற்றிக்கொண்டு மெல்ல எழுந்து நின்றாள்.