மன்னித்த கணக்கில் வராத சண்டை

வீட்டுச் சண்டைகளை நமக்குப் பதிலாகப் போட்டு முடித்துவைக்கும் மெஷினைத் தமயந்தியின் புருஷன் குணசீலன்தான் வாங்கி வந்து சுவரில் மாட்டினான். வீணாகும் நேரத்தை மிச்சம் பிடித்தால் முக்கியமானதைக் கவனிக்கலாமாம். அவனுக்கு முக்கியமானது இறகுப்பந்து.

அவளுடைய அப்பாவின் கருமாதிக்குக்கூட அவன் தலைகாட்டவில்லை. ஊரிலிருந்து திரும்பும் வழியெல்லாம் அவனைக் கேட்க வேண்டியதை மனதுக்குள் கேட்டுக்கொண்டே வந்தாள் தமயந்தி. வீட்டுக்குள் நுழைந்தபோது மட்டையும் கையுமாகக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

“ஏனுங்க, எங்கப்பாவுக்கு…”

“அது காலைலயே மெஷின் பேசி முடிச்சிருச்சு. தப்பு எம்மேலன்னு ஆச்சு. மன்னிப்பும் கேட்டாச்சு. நீயும் மன்னிச்சுட்டே.”

“நானா?”

“எப்பவும் கடைசில மன்னிச்சிருவியே. அதை வெச்சுத்தான் முடிச்சுது.”

தமயந்தி தோள்பையைக்கூட இறக்கவில்லை. மெஷினைப் பிடுங்கி பால்கனிக்கு வெளியே வீசினாள். வாசல் கதவைத் தாழிட்டு, அதில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள்.

“உக்காரு,” என்றாள்.

குணசீலன் வாயைத் திறந்தான். சண்டை போட்டு வருஷக்கணக்காகிவிட்டதால் மெஷின் இருந்த சுவரைத்தான் திரும்பிப் பார்த்தான்.

மெஷின் அவள் பெயரில் மன்னித்த முதல் சண்டையிலிருந்து தமயந்தி ஆரம்பித்தாள்.