மகள் சொன்ன பதில்

மேல்நிலைப் பள்ளி விடுதியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கேட்டு வருகிறவர் முன்பு வளர்த்த பிள்ளைகளையெல்லாம் பள்ளியின் செயற்கை அறிவு இயந்திரமே தேடிப்பிடித்து விசாரித்துவிடும். ஒரு பிள்ளை குறை சொன்னாலும் வேலை கிடையாது.

"செங்கல் சூளையில நீங்க பார்த்துக்கிட்ட முப்பத்தொன்பது பிள்ளைங்களும் உங்களைத் தங்கம்னுட்டாங்க. உங்க மகதான் அடிச்சாங்கன்னு சொல்லியிருக்கா," என்றார் தலைமையாசிரியர். "சாயங்காலத்துக்குள்ள அவளைப் பேசி மாத்திச் சொல்லச் சொல்லுங்கம்மா."

வேலை கேட்டு வந்திருந்த பேச்சித்தாய் எழுந்துவிட்டாள்.

"அடிச்சது நெசம் சார். செங்கல் சுமந்த அலுப்புல புத்தி கெட்டு அடிச்சேன். நாளைக்கு உங்க விடுதியில எவனாச்சும் கை நீட்டினா, அந்தப் பிள்ளையையும் மாத்திச் சொல்லச் சொல்வீங்களா?"

பேச்சித்தாய் பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

வாசலுக்கு வந்ததும் மகள் போனில் கூப்பிட்டாள். "வேலை கிடைச்சுதாம்மா?"

"இல்லடி. நீ சொன்னது சொன்னதாவே இருக்கட்டும். உலையை வை, மீன் வாங்கிட்டு வாரேன்."